விம் எடிட்டர் எப்படி உருவாகி வளர்ந்தது? நியோவிம் ஏன் தனியாகப் பிரிந்தது?

நிரலாளர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரான விம்முக்குள் என்ன சேரலாம், என்ன சேரக்கூடாது என்பதில் முப்பது வருடங்களுக்கு மேல் கடைசி வார்த்தை ஒரே ஒருவருடையதாகத்தான் இருந்தது. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார். விம் இத்தனை காலம் சிதறாமல் வளர்ந்ததற்கும் அதுதான் காரணம், அதன் நிரலை எடுத்து வேறு சிலர் தனியாக வளர்க்கும் நியோவிம் பிரிந்ததற்கும் அதுதான் காரணம் என்பது என் கருத்து. தினமும் விம்மில் நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விம்மின் முன்னோடியான விஐ எடிட்டர். 1976 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதியது. விநாடிக்கு முப்பது எழுத்து அளவுக்கே அனுப்பக்கூடிய மோடம் வழியாக அவர் வேலை செய்தார். ஒரு எழுத்து, இரண்டு எழுத்தில் கட்டளைகள் முடிந்துவிடுவது அதனால்தான். கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் விசைகள் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும்) அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால் விஐயின் நிரல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் பழைய எடிட்டர் ஒன்றின் மேல் கட்டப்பட்டது. அந்த நிறுவனத்தின் உரிமம் இல்லாதவர்களுக்கு மூல நிரல் கிடைக்காது. அதனால் பலர் அதைப் போலவே நடந்துகொள்ளும் எடிட்டர்களைச் சொந்தமாக எழுதினார்கள். அப்படி 1987ல் டிம் தாம்ப்சன் அடாரி எஸ்டி கணினிக்காக எழுதியது ஸ்டீவி. அது பிறகு அமிகா கணினிக்கும் வந்தது. அமிகா வாங்கிய மூலனாருக்கு யுனிக்ஸ் இயங்குதளத்தில் பழகிய விஐ அதில் இல்லாதது குறையாக இருந்தது. 1988ல் ஸ்டீவியை எடுத்துத் தனக்கு வேண்டியபடி திருத்த ஆரம்பித்தார். வெளியே கொடுத்தது 1991 நவம்பரில்தான். அமிகாவுக்கான இலவச மென்பொருட்களைத் தொகுத்து ஃபிளாப்பியில் அனுப்பி வந்த ஃபிரெட் ஃபிஷ் வரிசையில், 591வது டிஸ்க்கில் விம் 1.14 இருந்தது. அடுத்த வருடம் யுனிக்ஸுக்கும் போனது.

அதன் பிறகு வளர்ச்சி வேகமெடுத்தது. 1994ல் ஒரே திரையில் பல சாளரங்கள், 1996ல் வரைகலை முகப்பு, 1998ல் நிரலை வண்ணம் பிரித்துக் காட்டும் வசதி, 2001ல் நிரல் பகுதிகளை மடித்து வைப்பதும் பிளக்இன்களும் (கூடுதல் வசதிக்காக மற்றவர்கள் எழுதிச் சேர்க்கும் துணை நிரல்கள்). எனக்கு மிகவும் பிடித்தது 2006ல் வந்த 7.0. விஐயில் கடைசி மாற்றம் ஒன்றைத்தான் திரும்பப் பெற முடியும். மற்ற பல எடிட்டர்களில் மாற்றங்களைத் திரும்பப் பெற்றுப் பின்னால் போய் ஒரு எழுத்து புதிதாகத் தட்டிவிட்டால், அப்படி நீக்கியது திரும்பி வராது. விம் 7 இரண்டு பாதைகளையுமே கிளைகளாக வைத்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்பு கோப்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குப் போ என்று கட்டளையே கொடுக்கலாம். 2010ல் வந்த 7.3ல், கோப்பை மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் இந்த வரலாறு இருக்கும்படி அமைக்க முடிந்தது. இதைப் பயன்படுத்தாமல் விம் வைத்திருப்பவர்கள் ஏராளம். தயவுசெய்து பழகிப் பாருங்கள்.

விம்மைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். மூலனார் 1994ல் தெற்கு உகாண்டாவின் கிபாலேயில் இருந்த குழந்தைகள் மையத்தில் ஒரு வருடம் தன்னார்வலராக வேலை செய்தார். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. திரும்பி வந்து ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். மென்பொருள் இலவசம், திருப்தி என்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று விம்மின் உரிமத்திலேயே கேட்டுக்கொண்டார். தன் உழைப்புக்கு வந்திருக்கக்கூடிய பணத்தை அப்படித் திருப்பிவிட்ட மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, நியோவிம். யார் திருத்தம் அனுப்பினாலும் மூலனார் அதைப் படித்து, தேவைப்பட்டால் மாற்றி எழுதி, எண் போட்ட பேட்ச்சாக, அதாவது நிரலில் செய்யும் ஒரு திருத்தமாக, வெளியிடுவார். 7.4க்கும் 8.0க்கும் நடுவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்ச்கள் வந்தன. தரம் கெடாமல் இருந்தது, ஆனால் வரிசை நீண்டது. அதோடு ஒரு பெரிய குறையும் இருந்தது: ஒரு பிளக்இன் வெளி நிரல் ஒன்றை ஓட்டினால், அது முடியும் வரை எடிட்டர் உறைந்து நிற்கும். இதைத் தீர்க்க பிரேசில் நிரலாளர் தியாகோ டி அர்ருடா ஒரு பேட்ச் அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. 2014ல் அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி நியோவிம்மைத் தொடங்கினார். அமிகா போன்ற பழைய கணினிகளுக்கான நிரல் அங்கே வெட்டி எறியப்பட்டது, பின்னணியில் வேலைகள் ஓடுவதற்கான அடித்தளம் புதிதாகப் போடப்பட்டது.

மூலனாரின் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை விதமான கணினிகளில் ஓடும் பழைய நிரலில் அப்படிப்பட்ட மாற்றத்தைச் செய்தால், உடைந்ததைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். ஆனாலும் போட்டி வந்தது நல்லதாகவே முடிந்தது. 2016ல் வந்த விம் 8ல் அவரே பின்னணி வேலைகளுக்கான வசதியை எழுதிச் சேர்த்தார். நியோவிம் 2021ல் வந்த 0.5ல், பிளக்இன் எழுத லுவா என்ற நிரல் மொழியின் பக்கம் திரும்பியது. விம் 2022ல் வந்த 9.0ல் பிளக்இன்களுக்கான தன் சொந்த நிரல் மொழியை வேகப்படுத்தியது. அங்கிருந்துதான் பிளக்இன் எழுதுகிறவர்களுக்கு இரண்டும் உண்மையிலேயே விலகிப் போயின. அப்போதும் விம்மின் பேட்ச்களை அதே எண்ணோடு நியோவிம் எடுத்துச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 3 அன்று மூலனார் காலமானார். வயது 62. ஒருவர் கையில் இருந்த திட்டம் நின்றுவிடுமோ என்று பலரும் பயந்தோம். ஏற்கெனவே பல வருடங்களாகப் பங்களித்து வந்த கிறிஸ்டியன் பிராபாண்ட்டும் மற்ற சிலரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். 2024 ஜனவரி 2 அன்று வெளியான 9.1 அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

இன்றைக்கு எதைக் கற்பது என்ற சந்தேகம் உங்களுக்கும் இருக்கலாம். அடிப்படைக் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றேதான், எதில் தொடங்கினாலும் நஷ்டம் இல்லை. லுவாவில் பிளக்இன் எழுத ஆசை இருந்தால் நியோவிம், பல சர்வர்களில் மாறி மாறி வேலை செய்கிறவர் என்றால் விம். ஒவ்வொரு பெரிய ரிலீஸிலும் என்ன மாறியது என்று முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் வேறெங்கும் தேட வேண்டாம், விம்முக்குள்ளேயே ஹெல்ப் கட்டளையோடு வெர்ஷன்7, வெர்ஷன்8 என்று சேர்த்து அடியுங்கள்.