பட்டறை மாற்றிய ஆக்சில் பூட் ஐந்தே வாரத்தில் கழன்றது: வழக்கு நிற்குமா?

கேள்வி: கடலூரை ஒட்டிய கிராமத்தில் சவுக்குத் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருபவர்களை ஏடிவி (மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறேன். ஒரே வண்டி, ஓட்டுவதும் நானே. முன் ஆக்சில் பூட் (அச்சின் ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்ததால் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் 9,400 ரூபாய் கொடுத்து மாற்றினேன். ஐந்து வாரத்தில் அதே பக்கம் திருப்பும்போதெல்லாம் சத்தம். பூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கழன்று கிரீஸ் வெளியேறி ஜாயின்டும் போய்விட்டது என்கிறார்கள். மணலில் ஓட்டியது என் தவறாம். பில்லில் 'உத்தரவாதம் இல்லை' என்று அச்சிட்டிருக்கிறதாம். ஜாயின்டுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். நான் சம்மதிக்காததால் நாளொன்றுக்கு 200 ரூபாய் நிறுத்த வாடகை தந்தால்தான் வண்டியை விடுவோம் என்கிறார்கள்.

பதில்: வாடகைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170, செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. நீங்கள் முதல் பில்லைக் கட்டிவிட்டீர்கள். இரண்டாவது வேலை தொடங்கவே இல்லை. பேசி ஒப்புக்கொள்ளாத வாடகைக்காக வண்டியைப் பிடித்துவைக்க இந்தப் பிரிவு இடம் தராது. பிரித்துப் பார்த்த கூலி ஒன்றைக் கேட்டால், 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவாருங்கள்.

வரும்போது கழற்றிய பூட், கிளாம்ப், ஜாயின்ட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், இருக்கிறபடியே படமெடுத்துப் பையில் கட்டிவையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. பூட்டின் வேலையே கிரீஸை உள்ளேயும் மணலை வெளியேயும் நிறுத்துவது. கிளாம்ப் சரியாக இறுகியிருந்தால் மணல் உள்ளே போக வழியில்லை. ஏடிவி மணலில் ஓடாமல் வேறு எங்கே ஓடும்? ஆகவே 'மணலில் ஓட்டினீர்கள்' என்பது பதிலே இல்லை. கிளாம்ப் அளவு சரியா, பழைய கிரீஸை வழித்தெடுத்து ஜாயின்டைக் கழுவிப் பார்த்தார்களா என்பவையே கேள்விகள். வேறொரு அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதைப் பிரமாணப் பத்திரமாக வாங்குங்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் எடுக்கப்போகும் வாதம் வேறு: நீங்கள் நுகர்வோரே அல்ல, வணிகர் என்பார். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), விலக்கு தருகிறது. ஆனால் பழைய சட்டத்தில் இருந்த 'சேவை' என்ற சொல்லைப் புதிய சட்டத்தின் விளக்கத்தில் காணோம். வாங்கிய 'பொருள்' மட்டுமே இருக்கிறது. இது நம் பக்கத்தின் பலவீனமான இடம். அதனால் புகாரில் கூலியை மட்டும் பேசாமல், பூட்டும் கிளாம்ப்பும் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் என்பதை அழுத்தி எழுதுங்கள். ஒரே வண்டி, நீங்களே ஓட்டுநர் என்பதும் முதல் பத்தியிலேயே வரட்டும். வணிக நோக்கத்தை நிரூபிக்கும் சுமை சேவை வழங்கியவர் மீதே என்று 2024இல் சீட்டு நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உங்களுக்குக் கைகொடுக்கும்.

'உத்தரவாதம் இல்லை' என்ற அச்சுக்குப் பயப்பட வேண்டாம். கவனக்குறைவான வேலைக்கு அது கேடயமாகாது.

பட்டறை புதுச்சேரியில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 34இன்படி நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும் இந்த மாதமே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பூட் கிழிந்தபின் எத்தனை நாள் அப்படியே ஓட்டினீர்கள்? வாரக்கணக்கில் என்றால் ஜாயின்டுக்குள் அப்போதே மணல் புகுந்திருக்கும். 18,000 ரூபாய் முழுவதையும் பட்டறை தலையில் கட்ட ஆணையம் சம்மதிக்காது. அந்த நிலையில், ஜாயின்டை நீங்கள் வாங்கித் தந்தால் பூட்டும் கிளாம்ப்பும் இலவசம், கூலியும் வேண்டாம் என்று பட்டறைக்காரர் இறங்கி வந்தால், எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.