நட்டு சும்மா சுத்துது, ஹப்பையே மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், ஒன்பது வயதான டொயோட்டா ஆல்டிஸ் ஓட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்து டயர் கடையில் நாலு டயரும் மாற்றினேன். போன வாரம் முன் சக்கரத்தில் ஆணி ஏறி, வேறு கடையில் பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது ஒரு நட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்புறம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் அது ஏறும் கம்பியான ஸ்டட்டின் மரையையும் உரித்துக்கொண்டு வந்தது. இந்தக் கடைக்காரர் “முன்னால் மாட்டியவன் வேலை, என் மேல் பழி போடாதே” என்கிறார். முதல் கடைக்காரரிடம் போனால் “ஓல்ட் கார் லா, அப்படித்தான்” என்கிறார். மூன்றாவதாக ஒரு பட்டறையில் சக்கரம் மாட்டும் ஹப், அதைச் சுழலவிடும் பேரிங் எல்லாம் மாற்றணும், 420 வெள்ளி என்கிறார்கள். நாலு நட்டோடுதான் வேலைக்குப் போய்வருகிறேன். இப்படி ஓட்டலாமா? 420 வெள்ளி நியாயமா? யாரிடம் காசு கேட்பது?

பதில்: முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள் தம்பி. ஐந்து நட்டு இருக்க வேண்டிய சக்கரத்தில் நாலு இருந்தால் கார் உடனே கவிழ்ந்துவிடாது, பக்கத்துப் பட்டறை வரைக்கும் உள்சாலையில் மெதுவாகப் போகலாம், அது சரி. தினமும் எஸ்எல்இ விரைவுச்சாலையில் 90-இல் ஓட்டி வேலைக்குப் போய்வருவது வேறு கதை. ஒரு நட்டு இல்லாவிட்டால் அதன் சுமை அதிகமாக விழுவது இரண்டு பக்கமும் உள்ள நட்டுகள் மேல்தான், அவற்றையும் அதே கடைக்காரர் அதே கையால்தான் முறுக்கியிருப்பார் என்பதை மறக்க வேண்டாம். நாலே நட்டு உள்ள சின்னக் காரில் ஒன்று போனாலோ, எந்தக் காரிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போனாலோ, யோசிக்காமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். விரைவுச்சாலையில் போகும்போதே சக்கரம் ஆடுவது போலத் தெரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறித்து வைத்திருக்கும் கார் நிறுத்துமிடம் வரை காசு வாங்காமல் இழுத்துப் போகும்.

இப்போது அந்த 420 வெள்ளி. ஸ்டட் என்பது விலையில் ஒன்றுமே இல்லாத சாமான். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் தட்டையான தலை, தலைக்கு அடியில் சுற்றிலும் பல் பல்லாக வரிகள், அதற்கு அப்பால் நட்டு ஏறும் மரை. இதை ஹப்புக்குப் பின்பக்கமிருந்து அழுத்தி உட்காரவைத்திருப்பார்கள், அந்தப் பல் வரிகள் ஓட்டைக்குள் கடித்துக்கொண்டு ஸ்டட்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே மரை போன ஒன்றை மட்டும் பின்னால் தள்ளி எடுத்துவிட்டு, புதியதைச் செருகி, முன்பக்கம் வாஷர் அடுக்கி ஒரு நட்டைப் போட்டு முறுக்கினால் அது தானாக இழுத்துக்கொண்டு வந்து உட்காரும். அதற்குச் சக்கரம், பிரேக் காலிப்பர், டிஸ்க் மூன்றையும் கழற்ற வேண்டும். சாமான் சில வெள்ளி, மீதியெல்லாம் கூலி.

அப்படியென்றால் ஹப், பேரிங் என்று ஏன் சொல்கிறார்கள்? எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சில மாடல்களில் ஹப்புக்குப் பின்னால் இடமே இருக்காது, பழைய ஸ்டட்டைப் பின்னால் தள்ளினால் பாதியில் இடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஹப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அழுத்தி ஏற்றிய பேரிங்காக இருந்தால் ஹப்பை உருவும்போது பேரிங் கெட்டுப்போகும், அதைத் திரும்பப் போடக் கூடாது. அந்த மாதிரி காரில் 420 வெள்ளியைக் கொள்ளை என்று சொல்ல முடியாது. ஆல்டிஸில் வழக்கமாக இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. அதனால் பட்டறையில் நேராகக் கேளுங்கள்: “ஸ்டட்டை மட்டும் மாற்ற முடியாதா? பின்னால் எங்கே இடிக்கிறது, காட்டுங்கள்.” ஹப்பைக் கையால் மெல்லச் சுற்றினால் ஏதாவது ஓர் இடத்தில் இடைவெளி கிடைக்கிறதா இல்லையா என்பது கண்ணாலேயே தெரியும், தொழில் தெரிந்த ஃபோர்மேன் காரை லிஃப்டில் ஏற்றி இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார். “அதெல்லாம் அப்படித்தான்” என்று மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஈசூனிலிருந்து சின் மிங் ஒன்றும் தூரமில்லை, அங்கே ஒரே கட்டடத்தில் பட்டறைக்கு மேல் பட்டறை. காக்கி புக்கிட்டிலும் ஊபியிலும் அப்படித்தான். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள்.

மலிவாகச் செய்கிறேன் என்று சொல்பவரிடமும் கவனம் வேண்டும். உரிந்த மரையைத் திரும்ப வெட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். மேலே லேசாக நசுங்கிய மரையை அப்படிச் சீராக்கலாம், உரிந்து போனதில் உலோகமே மிச்சம் இல்லை, எதை வெட்டுவது? வெல்டிங் வைக்கிறேன் என்றால் பேச்சையே வளர்க்காதீர்கள். பழைய ஸ்டட்டைப் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்து எடுப்பவரும் உண்டு, அடி வாங்குவது பேரிங், ஆறு மாதம் கழித்து அது ஊளையிடும்போது நீங்கள் அந்தக் கடையை மறந்தே போயிருப்பீர்கள். அழுத்தி எடுக்கும் கருவி வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை. ஸ்டட்டோடு நட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், உரித்த நட்டின் மரையும் உருப்படியாக இருக்காது. முக்கியமாக, மற்ற நாலு ஸ்டட்டையும், ஏன், மற்ற மூன்று சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நட்டைக் கையால் திருகினால் அடிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாதியில் பிடித்தால் அந்த ஸ்டட்டும் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காசு யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். மரை தானாகப் போகாது, இரண்டு வழியில்தான் பெரும்பாலும் போகும். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றாமல் எடுத்த எடுப்பிலேயே காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னை வைத்து அழுத்தினால் அது கோணலாக ஏறி மரையை வெட்டிக்கொண்டு போகும். அல்லது ஒழுங்காக ஏறிய நட்டையே அளவுக்கு மேல் முறுக்குவார்கள். உங்கள் ஆல்டிஸுக்கு டொயோட்டா சொல்லும் அளவு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு 108. டயர் கடை ஏர் கன்னுக்கு நானூறு, ஐந்நூறு எல்லாம் சர்வசாதாரணம். ‘டர்ர்ர்’ என்று நாலு நொடி கூடுதலாகப் பிடித்தால் ஸ்டட் இழுபட்டுவிடும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்து கழற்றுகிறவர் கையில்தான் அது வெடிக்கும். ஆகவே இரண்டாவது கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் வராத நட்டை அவரும் ஏர் கன்னாலேயே முரட்டுத்தனமாக அடித்தாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆதாரம் அந்த ஸ்டட்டிலேயே இருக்கிறது. பட்டறையில் கழற்றியதும் ஸ்டட்டையும் நட்டையும் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குப்பையில் போட விடாதீர்கள். வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். மரை மேல் சாய்வாகப் புதுக் கோடு வெட்டியிருந்தால் கோணலாக ஏற்றியது. நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் மரை நீண்டு இடைவெளி விட்டிருந்தால் அதிகமாக முறுக்கியது. மாற்றிக் கொடுக்கும் பட்டறையிடம் ரசீதில் ஒரு வரி, ‘அளவுக்கு மேல் முறுக்கியதால் ஸ்டட் சேதம்’ என்று எழுதித் தருவாரா எனக் கேளுங்கள். எழுதுவார் என்று உறுதி இல்லை, தொழிலில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், இருந்தாலும் வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

அதோடு டயர் வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போங்கள். சண்டை பிடிக்கிற குரல் வேண்டாம். “உங்கள் வேலைதான், ஸ்டட் மாற்றிய காசைக் கொடுங்கள், இல்லை நீங்களே மாற்றிக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள், தேதியோடு இருக்கும். ஒரு ஸ்டட் மாற்றும் செலவு என்றால் பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வார்கள், டயர் வாங்கிய வாடிக்கையாளரை இழக்க யாருக்கும் ஆசை இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அதற்கும் மேலே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் வரக் கூடாது, இணையத்திலேயே பதியலாம், 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நிஜமாகவே ஹப், பேரிங் வரை மாற்ற வேண்டியிருந்தால் நான் போவேன். ஒற்றை ஸ்டட்டுக்கு என்றால் லீவு போட்டுக்கொண்டு போக மாட்டேன், கடையை மாற்றிவிடுவேன்.

இனிமேல் எங்கே டயர் மாற்றினாலும் காத்திருக்கும் இடத்தில் ஏர்கானில் உட்கார்ந்து போனைப் பார்க்காமல் கடைசி ஐந்து நிமிடம் சக்கரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நட்டைக் கையால் ஏற்றுகிறாரா, கடைசியில் அளவு வைத்து முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்து ‘டக்’ சத்தம் வரும்வரை முறுக்குகிறாரா என்று பாருங்கள். சில கடையில் அந்த ரெஞ்ச் சுவரில் அழகாகத் தொங்கும், அவ்வளவுதான். மாற்றிவிட்டு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை இறுக்கம் சரிபார்ப்பது நல்லது. மரையில் எண்ணெய் விடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்த 103 என்பது உலர்ந்த மரைக்கான கணக்கு, எண்ணெய் விட்டால் அதே அளவிலேயே ஸ்டட் அதிகமாக இழுபடும்.

கேள்வி: இணையத்தில் ஊதா நிற நட்டு ஒரு செட் மலிவாக வருகிறது. நிசான் காருக்கு வாங்கலாமா அண்ணா? ஸ்போர்ட்ஸ் ரிம் போட்டிருக்கிறேன்.
— பொங்கோல் வாசகி

பதில்: நிறத்தை விடுங்கள், மூன்று விஷயம் பொருந்தினால் வாங்கலாம். மரை அளவு முதலில், அதாவது ஸ்டட்டின் விட்டமும் மரைக்கு மரை இடைவெளியும், மில்லிமீட்டரில். நிசான், சுபாரு, சுசுகி பெரும்பாலும் 12-க்கு 1.25, டொயோட்டா, ஹோண்டா, மஸ்டா, மிட்சுபிஷி, ஹியுண்டாய் எல்லாம் பெரும்பாலும் 12-க்கு 1.5. 1.5 நட்டு உங்கள் ஸ்டட்டில் ஓரிரு சுற்று ஏறத்தான் செய்யும், அப்புறம் பிடிக்கும், அந்த நேரத்தில் யாராவது ஏர் கன்னை வைத்தால் மேலே ஈசூன் தம்பி எழுதிய கதைதான் உங்களுக்கும். இரண்டாவது, நட்டு ரிம்மில் உட்காரும் வடிவம். கடையில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவம், ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை, டொயோட்டாவின் அலாய் ரிம்கள் பலவற்றுக்கு வாஷரோடு தட்டை. வடிவம் மாறினால் எவ்வளவு முறுக்கினாலும் நட்டு முழுதாகப் பதியாது, ஓட ஓடத் தளரும். மூன்றாவது, உலோகம். மலிவான வண்ண நட்டுகள் அலுமினியமாக இருக்கும், எடை குறைவு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பந்தயக்காரர்களுக்கு அது சரி, அடிக்கடி கழற்றிப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். பொங்கோலிலிருந்து அலுவலகம் போகிற காருக்கு எஃகு நட்டே போதும். விற்பவர் பக்கத்தில் இந்த மூன்றும் எழுதியில்லை என்றால் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: விற்பனையாளரிடம் பழைய கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பின் சக்கரத்தில் ஒரு ஸ்டட் உடைந்து, அதை மறைக்க வெறும் மூடி மட்டும் ஒட்டியிருக்கிறது. கார் பழையது, கேட்க முடியாது என்கிறார்களே?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கேட்கலாம். குறையுள்ள பொருளை விற்றவரிடம் நிவாரணம் கேட்க வழி செய்யும், 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும், விற்றவர் தொழிலாக விற்பவராக இருந்தால் போதும், தனிநபரிடம் வாங்கியிருந்தால்தான் அது உதவாது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. சாதாரணத் தேய்மானம் இதில் வராது, ஆனால் மூடி ஒட்டி மறைத்த உடைந்த ஸ்டட்டைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. மூடியோடு படம் எடுங்கள், அப்புறம் மூடியைக் கழற்றி ஒரு படம், பழுது பார்த்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோதான் கேட்க முடியும், எடுத்ததும் காரைத் திருப்பி எடு என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. பின் சக்கரத்தில் மறைத்தவர் வேறு எங்கேயாவது மறைத்திருக்கவும் கூடும், அதனால் அவர் சொல்லும் பட்டறைக்குப் போகும் முன்னால் உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் காரை ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி அடியில் முழுக்கப் பார்த்துவிடுங்கள்.