விவாகரத்துக்குப் பிறகு ஐ.பி. (திவால் மனு) போடலாமா?

அன்புள்ள சார்,

கோவையில் தனியார் வேலை. கைக்கு வருவது 46,000. விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. குடும்ப நீதிமன்றம் மாதம் 12,000 ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. வீட்டுக் கடன் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, தவணை 16,000. இது போக மூன்று பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு, மொத்தம் 14 லட்சம். ஒரு லோனுக்கு அப்பா ஜாமீன். முதல் இரண்டின் தவணையைக் கட்டத்தான் மூன்றாவதை வாங்கினேன். ஐ.பி. போட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். அதற்கு முன்னால் ஊரில் இருக்கும் இரண்டு சென்ட் இடத்தைத் தங்கை பெயருக்கு மாற்றிவிடலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

இடத்தைத் தொடாதீர்கள். மனு போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தை அஃபிஷியல் ரிசீவர் (திவாலானவரின் சொத்தைக் கையாளும் அதிகாரி) ரத்து செய்ய வைக்கலாம். சொத்தை மறைத்தீர்கள் என்று ஆனால் தனியாகத் தண்டனையும் உண்டு. முந்தைய 3 மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியதும் இதே போலக் கேள்விக்கு வரும். உதாரணமாக, பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு நண்பரின் கைமாற்றை மட்டும் அடைப்பது அந்த வகைதான்.

2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் 1920-ம் வருடத் திவால் சட்டம்தான். (சென்னைவாசி என்றால் 1909-ம் வருடச் சட்டம், உயர் நீதிமன்றம்.) 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம், அந்தக் காலத்துத் தொகை, மாற்றவில்லை. கடன்காரர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் சொத்து, அதன் மதிப்பு எல்லாவற்றையும் மனுவில் காட்ட வேண்டும்.

மனுவுக்கு நம்பர் விழுந்ததும் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கடன்காரரின் வழக்கு நிற்பது, நீதிமன்றம் உங்களை நொடித்தவர் (திவாலானவர்) என்று அறிவித்த பிறகுதான். அதுவரை கைதுக்கு எதிராக இடைக்காலப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். அறிவித்ததும் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். குறித்த கெடுவுக்குள் விடுதலைக்கு, அதாவது கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு, மனு போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். வக்கீலும் கட்சிக்காரரும் சேர்ந்தே மறந்துபோவது இந்தக் கெடுவைத்தான்.

விடுதலையும் தானாகக் கிடைத்துவிடாது. சொத்து, கடனில் ரூபாய்க்கு 50 பைசா அளவுக்குக்கூட வராவிட்டால், அது உங்கள் கையை மீறி நடந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். விவாகரத்துச் செலவு அதற்கு ஓரளவு உதவும். ஆனால் திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தே வாங்கிய கடனும் விடுதலையை மறுக்க ஒரு காரணம். உங்கள் மூன்றாவது லோனை வங்கி வக்கீல் அங்கேதான் பிடிப்பார்.

இத்தனைக்குப் பிறகும் எது தீரும்? ஜீவனாம்சம் தீராது, 1920 சட்டத்தின் 44-வது பிரிவு அதை வெளியே வைத்திருக்கிறது. வீட்டுக் கடனுக்கு வீடே அடமானம் என்பதால் வங்கியின் உரிமை அப்படியே நிற்கும். நீங்கள் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார், அப்பாவைத் தேடி வருவார்கள். மிஞ்சுவது ஜாமீன் இல்லாத லோன்களும் கார்டும். அதற்காக இவ்வளவும் இப்போது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கடன்காரர்கள் டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கிச் சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 46,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 31,000 உங்களுடையது, 15,000 வரை பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் முடியாது. ஜீவனாம்ச டிகிரிக்கு மட்டும் கணக்கு வேறு, அதில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்கு. கொடுக்க வழியே இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் அது கிரிமினல் வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். தவணையை யார் கட்டுவது என்று விவாகரத்து உத்தரவில் எழுதியிருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்துப் போட்ட இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. தவணை நின்றால் வீட்டை எடுக்க வங்கி அனுப்பும் 60 நாள் நோட்டீஸ் வருவதற்குள் இருவரும் பேசி விற்றால், ஏலத்தில் போவதைவிட நல்ல விலை கிடைக்கும். உத்தரவுக்குப் பிறகு வருமானம் நிஜமாகவே குறைந்திருந்தால் ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கேட்டு மனு போடலாம். சொல்லாமல் நிறுத்தினால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போக நேரும்.

அடுத்து அப்பா ஜாமீன் போட்ட லோன். இடத்தை நியாயமான விலைக்கு விற்றால் அந்தப் பணம் இதற்குத்தான். மற்ற லோன்களுக்கும் கார்டுகளுக்கும் ஓ.டி.எஸ். (ஒரே தடவையில் குறைத்துக் கட்டி முடிக்கும் தீர்வு) பேசுங்கள். சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும், சில வருடம் புதுக் கடன் கிடைக்காது. உங்களுக்கு அது நல்லதுதான். ஏஜென்ட் போனில் சொல்லும் தொகையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வங்கியின் லெட்டர்ஹெட்டில் மொத்தத் தொகை, கடைசித் தேதி, ‘முழுத் தீர்வு’ என்ற வாசகம் மூன்றும் வந்த பிறகு, கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் நோ டியூ சர்ட்டிபிகேட்டோடு முன்பு கொடுத்த செக்குகளையும் கேட்டு வாங்குங்கள்.