4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு: பி.காம். படிக்கும் மகளுக்குப் போதுமா?

மகளுக்கு டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு மட்டும்தான். 17,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் (செலரான் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி என்னும் சேமிப்புச் சிப்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

பிராசஸர் மெதுவானது, இரண்டே கோர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தலைவலி அந்த 64 ஜிபிதான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸும் ஆபீஸும் போக மிச்சம் கொஞ்சம்தான். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் எதையாவது அழித்து இடம் பண்ண வேண்டியிருக்கும். இஎம்எம்சி மதர்போர்டிலேயே பற்றவைத்தது, கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. பல மாடல்களில் ராமும் அப்படியே.

அதே பட்ஜெட்டில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) பாருங்கள்: திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 5490 மாதிரி, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு. இரண்டிலும் ராமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசஸருக்குக் கீழே போகாதீர்கள். பழையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குரோம்புக் மலிவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கமும் போக வேண்டாம், அதில் விண்டோஸ் கிடையாது, டேலி விண்டோஸுக்கானது.

பழையதில் பேட்டரிதான் சந்தேகம். கடையிலேயே கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதையதையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் வேறு பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், பில்லும் எழுத்தில் வாரண்டியும் தராத கடை வேண்டவே வேண்டாம்.