கண்ணில் குறையில்லை, பாதிக் காட்சி எங்கே போனது?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஏழு மாதங்களுக்கு முன் மூளை ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. கை, கால், பேச்சு எல்லாம் சரியாகிவிட்டன. ஆனால் இடது பக்கம் இருக்கும் ஆட்கள் மீதும் கதவு நிலை மீதும் மோதிக்கொள்கிறார். 'இடது கண் போய்விட்டது' என்கிறார். கண் மருத்துவரோ இரு கண்களும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. சில நேரங்களில் அந்தப் பக்கம் இல்லாத மனிதர்கள் நிற்பதுபோல் தெரிகிறதாம். கணினிப் பயிற்சியால் இழந்த பார்வை திரும்பும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா? அவர் மறுபடியும் கார் ஓட்ட முடியுமா?

பதில்: முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவருக்கு நேர் எதிரே உட்காருங்கள். அவர் தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் உங்கள் மூக்கை மட்டும் பார்க்கட்டும். அவருடைய இடது பக்கத்தில் விரலை அசையுங்கள். நல்ல கண் என்று அவர் நம்பும் வலது கண்ணுக்கும் அந்த விரல் தெரியாவிட்டால், போனது இடது கண் அல்ல. இரு கண்களுக்கும் பொதுவான இடப்பக்கக் காட்சி போயிருக்கிறது.

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்பிழைகள் பாதி வழியில் பிரிந்து, இடப்பக்கக் காட்சி முழுவதும் மூளையின் வலது பாதிக்கும், வலப்பக்கக் காட்சி இடது பாதிக்கும் போகின்றன. அவை சென்று சேரும் இடம் தலையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடல். ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்துப் பிழைத்த வீரர்களைச் சோதித்த ஜப்பானியக் கண் மருத்துவர் தத்சுஜி இனோயே, மூளையின் எந்தப் பகுதி சிதைந்தால் காட்சியின் எந்தத் துண்டு மறைகிறது என்று 1909-லேயே வரைந்து காட்டினார். வலது பிடரி மடலுக்கு ரத்தம் நின்றால் இடப்பக்கம் மறையும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் அது திரும்பாது. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும் சோதனையிலும் இந்தக் குறை சிக்காமல் போகலாம். பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் பரப்பு, எவ்வளவு என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சிலருக்குக் காட்சி வந்து சேரும், ஆனால் மூளை அந்தப் பக்கத்தையே பொருட்படுத்தாது. தட்டில் பாதியை உண்டுவிட்டு எழுந்துவிடுவார்கள், முகத்தில் பாதியை மட்டும் மழித்துக்கொள்வார்கள். கேட்டால், ஒன்றும் குறையில்லை என்பார்கள். உங்கள் கணவர் 'போய்விட்டது' என்று தானே சொல்கிறார், அது நல்ல அறிகுறி. இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், பயிற்சியும் அதற்கேற்ப மாறும். எனவே நரம்பியல் மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

தானாகத் திரும்புமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2006-இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளில் பத்தில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பார்வைப் புலம் தானாகவே ஓரளவு விரிந்தது. ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்தது. ஆறு மாதம் கடந்த பிறகு தானாகப் பெரிய மாற்றம் வருவது அரிது. ஏழாவது மாதத்தில் இருக்கும் உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை.

பயிற்சியால் திரும்புமா என்பது வேறு கேள்வி. ஆராய்ச்சி சூடு பிடித்திருப்பதும் இங்கேதான். முதல் உலகப் போரில் காயமுற்றவர்களைப் பரிசோதித்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜார்ஜ் ரிடாக் 1917-இல் ஒன்றைப் பதிவு செய்தார்: குருடான பகுதியில் நிற்கும் பொருள் தெரியாதவர்களுக்கும், அதே பொருள் அசைந்தால் ஏதோ தெரிந்தது. பின்னர் 1970-களில் பிரிட்டிஷ் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் ஆராய்ந்த நோயாளி, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டே, ஒளி வந்த இடத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டினார். பிடரி மடலைச் சுற்றிக்கொண்டு போகும் சில நரம்புப் பாதைகள் பிழைத்திருப்பதே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் பாதைகளுக்கு வேலை கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டல் ஹக்ஸ்லின். குருட்டுப் பகுதியின் ஓரத்தில் நகரும் புள்ளிகளைக் காட்டி, எந்தத் திசையில் நகர்கின்றன என்று நூற்றுக்கணக்கான முறை, நாள்தோறும், மாதக்கணக்கில் சொல்ல வைத்தார். பயிற்சி கொடுத்த இடத்தில் அசைவை உணரும் திறன் மீண்டது. பாதிப்பு நேர்ந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்கள் வேகமாகக் கற்றார்கள் என்று அவருடைய குழு 2020-இல் காட்டியது.

இதை நான் நம்புகிறேன். ஆனால் விளம்பரங்கள் சொல்வது இதை அல்ல. 1998-இல் ஜெர்மானியக் குழு ஒன்று கணினிப் பயிற்சியால் பார்வைப் புலம் சராசரியாக 5 டிகிரி அளவுக்கு விரிந்ததாக அறிவித்தது. 2005-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் வேறொரு குழு, நோயாளியின் கண் இம்மியும் நழுவாமல் விழித்திரையைக் கண்காணித்துக்கொண்டே அதே வகைப் பயிற்சியைச் சோதித்தபோது, பார்வைப் புலத்தின் எல்லையில் மாற்றம் தெரியவில்லை. நோயாளிகள் தம்மை அறியாமல் கண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம் என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. எனவே பெருந்தொகை கட்ட வேண்டாம். ஒழுங்கான ஆய்வு ஒன்றில் பணமின்றிச் சேர வாய்ப்புக் கிடைத்தால் தாராளமாகச் சேரட்டும்.

இன்று கையில் இருப்பதில் நான் முதலிடம் தருவது, கண்ணைத் தேடப் பழக்கும் பயிற்சிக்கு. இதில் புலம் விரியாது. தெரியாத பக்கத்துக்குள் கண்ணை ஒரே வீச்சாக வெகுதூரம் பாய்ச்சி, அங்கிருந்து உள்நோக்கித் துழாவி வருவதைப் பழக்கமாக்கிக்கொள்வார். தினமும் அரை மணி நேரம் வீதம் சில வாரங்கள், அன்றாட வேலைகளை மறுபடியும் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவியுடன் தொடங்கலாம். ஆய்வுச் சான்று இதற்கும் மலைபோல் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வாழ்க்கைத் தரம் மேம்படக்கூடும் என்ற அளவில்தான் சொன்னது. ஆனாலும் செலவு குறைவு, தீங்கில்லை. காட்சியை நகர்த்திக் காட்டும் பிரிசக் கண்ணாடி சிலருக்கு உதவுகிறது. ஆனால் பிரிட்டனில் 2017-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் பிரிசம் அணிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தலைவலி போன்ற தொல்லைகள் வந்தன. வாங்குவதற்கு முன் சில நாள் அணிந்து பார்க்கட்டும்.

வாசிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் அவருக்குத் தட்டுப்படாது. பக்கத்தின் இடது ஓரத்தில் அழுத்தமான நிறத்தில் ஒரு பட்டையை வைத்து, அது தெரியும் வரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நடக்கும்போது நீங்கள் அவருடைய இடது பக்கம் வாருங்கள். அரங்குகளில் இடது ஓர இருக்கையே அவருக்கு வசதி, மேடை முழுவதும் தெரியும் பக்கத்தில் விழும்.

இல்லாத மனிதர்கள் தெரிவது பெரும்பாலும் மனநோய் அல்ல. தகவல் வராத பகுதியை மூளை தானே இட்டு நிரப்புகிறது. பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும். அவர் இதை உங்களிடம் சொன்னதே பெரிது, பலர் பயந்து மறைப்பார்கள். ஆனால் ஒரே மாதிரியான வண்ண ஒளிகள் சில நொடிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, அப்போது நினைவு மங்கினாலோ, அது வலிப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கார் ஓட்டுவதைப் பொறுத்தவரை இப்போதைக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கிடைமட்டமாகக் குறைந்தது 120 டிகிரி பார்வைப் புலம் வேண்டும். முழுப் பாதியும் இழந்தவருக்கு மிஞ்சுவது சுமார் 90 டிகிரிதான். நன்கு பழகிய சிலர் சாலைச் சோதனையில் தேறியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. எனவே கதவை நான் மூடிவிடவில்லை. பார்வைப் புலச் சோதனை முடிவு, தேடல் பயிற்சி, உங்கள் நாட்டு விதி, பயிற்சி பெற்றவர் முன்னிலையில் சாலைச் சோதனை, எல்லாம் முடிந்த பிறகு பேசலாம். அதுவரை சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்தால் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.