பழைய காமிக்ஸ் வாங்கலும் விற்றலும்: இம்முறை வந்த கேள்விகள்

கேள்வி: வீட்டில் 300 காமிக்ஸ் இருக்கிறது. மாயாவி நிறைய உண்டு. மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு வரும்? (கிண்ணியா)

எந்த மாயாவி? முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவியா, ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவியா? பதிப்பகம், இதழ் எண், அச்சிட்ட விலை, அட்டை, நடுப்பக்கம் ஆகிய ஐந்தையும் சொல்லாமல் விலை கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள். 300 புத்தகத்துக்கு இரண்டு பின்னேரம் போதும். ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை 500 இதழ் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. அட்டை போனால் விலை ஐந்தில் ஒன்றாகிவிடும். நடுப்பக்கம் போனால் அது வாசிக்க மட்டும்தான். ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், அந்தப் புத்தகம் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள்.

கேள்வி: அட்டையை லேமினேட் பண்ணி விற்கலாமா? (உப்புவெளி)

கூடாது. சூட்டில் ஒட்டியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான். விற்கப்போகும் புத்தகத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பா 80களில் பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்தவை இருக்கின்றன. பிரித்து விற்கலாமா? மிச்சத்தையும் பைண்ட் பண்ணினால் பாதுகாப்புத்தானே? (உவர்மலை)

இரண்டாவதற்கு முதலில் பதில்: தயவுசெய்து பண்ணாதீர்கள். பைண்டிங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஊசிக்கம்பியைப் பிடுங்குவார்கள். முதுகிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே குத்தூசியால் துளை போட்டு நூல் இழுப்பார்கள். பிறகு மூன்று பக்கமும் வெட்டும் கத்திக்குக் கொடுப்பார்கள். போவது வெறும் ஓரம் இல்லை. அட்டையின் மேலே இருந்த எண்ணும் விலையும் போகும், ஓரத்துப் பேச்சுக் குமிழில் கடைசி இரண்டு எழுத்தும் போகும். நூலுக்குள் அகப்பட்ட படத்தைப் பார்க்க விரித்தால், துளை வரிசையிலேயே கடதாசி கிழியும். பலர் அட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் தைத்தார்கள். போதாததற்கு கோதுமைமாப் பசை. இராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. கிழித்தெறிந்த வீடுகளில் அழிந்ததைவிட, ஆசையாகச் சேர்த்த வீடுகளில் இப்படி அழிந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இனி முதல் கேள்வி. அதே தொடரில் பைண்ட் பண்ணாத ஓர் இதழைப் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் குறைந்தால் வெட்டிவிட்டார்கள். அதைப் பிரிக்காமல் கட்டாகவே விற்பதுதான் புத்தி. வெட்டாமல், அட்டைகளும் உள்ளே இருந்தால் மட்டும் பிரியுங்கள். மெல்லிய பிளேடால் முன்மட்டையின் மூட்டை அறுத்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தையலாக வெட்டி, சாவணத்தால் நூலை மேல்நோக்கி எடுங்கள். இழுக்கக் கூடாது. பசையில் தண்ணீர் படவே கூடாது, நியூஸ்பிரிண்ட் ஈரத்தில் பிய்ந்து வரும். காய்ந்த பசையை மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். ஒரு கட்டுக்கு இரண்டு மணித்தியாலம் வையுங்கள். துளை இருக்கிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்லித்தான் விற்கவேண்டும்.

கேள்வி: பூச்சி அரிக்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது. (திருக்கடலூர்)

புத்தகத்தை சிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிரில் காற்றின் ஈரம் கடதாசியில் படியும். அந்துருண்டை வேண்டாம். கம்பித் துரு கடற்காற்றின் வேலை. ஐப்பசி தொடங்கி தை வரை, வாடையும் மழையும் சேரும் காலத்தில், கடல் பக்கச் சுவரோடு அலுமாரியை வைக்காதீர்கள். பெட்டி நிலத்திலிருந்து அரை அடி உயரட்டும், பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறினால் சூடாக்கிக் காயவையுங்கள். உறைக்குப் பொலிபுரொப்பிலீன் வாங்குங்கள். மெழுகு மாதிரி மெத்தென்று இருந்து நாறும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அரிய இதழ்களை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக விற்றால்? (மூதூர்)

சட்டவிரோதம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வாங்கிய புத்தகத்தை விற்பது வேறு, அதைப் பிரதி பண்ணி விற்பது வேறு.

கேள்வி: அட்டை அசலா, கலர் போட்டோக்கொப்பியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தம்பலகாமம்)

பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். அச்சு அட்டையில் நிறப்புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்போல நிற்கும். லேசர் பிரதியில் மை மேலே மினுங்கும், மடிப்பில் பொரிந்து உதிரும். மறுபதிப்பு வேறு விஷயம்: அது உண்மையான புத்தகம்தான், ஆனால் முதற்பதிப்பின் விலை அதற்கில்லை. அச்சிட்ட விலையையும் உள்ளே வரும் விளம்பரங்களையும் பாருங்கள்.

கேள்வி: தொழிலாகத் தொடங்க என்ன வேண்டும்? (பாலையூற்று)

முதல் பதிலில் சொன்ன, புத்தக விவரம் எழுதும் கொப்பி. அதன்பின் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பியுங்கள். முதல் ஆறு மாதத்துக்குக் கடன் எடுக்காதீர்கள். விற்கக்கூடிய விலையில் பத்துக்கு நாலுக்கு மேல் கொடுத்து வாங்காதீர்கள். தபால், உறை, விற்காமல் கிடப்பவை எல்லாம் மிச்ச ஆறிலிருந்துதான் வரவேண்டும். கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனால் நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அனுப்பும்போது உறையிட்ட புத்தகத்துக்கு இருபுறமும் தடித்த மட்டை வைத்து, மட்டைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, பொலித்தீனால் சுற்றி, பதிவுத் தபாலில் போடுங்கள். டேப் புத்தகத்தின் மேல் படவே கூடாது.