யுபிஎஸ் வாங்க பட்ஜெட் இல்லை என்கிறார்கள். கரண்ட் போனால் பில்லிங் நிற்கிறது. ஆபீஸில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

உங்கள் ஸ்டோர் ரூமில் செத்த யுபிஎஸ் நாலைந்து கிடக்கும். பில்லிங் லேப்டாப்பில்தான் இருக்கும். அதற்குச் சொந்த பேட்டரி உண்டு. நிற்பது நெட்தான். ரௌட்டரையும், நெட் கேபிள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியையும் ஓட்டினால் போதும். பலர் ரௌட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட் வரவில்லை என்பார்கள்.

600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. போர்டு எரிந்ததில் பேட்டரி நன்றாக இருக்கலாம். உப்பியதையும் கசிந்ததையும் பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். மற்றதை முழுக்க சார்ஜ் ஏற்றி, கழற்றி, ஓர் இரவு வையுங்கள். காலையில் மல்டிமீட்டரில் 12.4க்குக் கீழே இருந்தால் வேண்டாம். 12.7 காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். உள்ளே காய்ந்த பேட்டரியும் சுமை இல்லாதபோது அப்படிக் காட்டும். காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். எரியும்போதே 12க்குக் கீழே இறங்காதது தேறும்.

தேறிய பேட்டரியை ரௌட்டருக்கு இணைக்கும் வரிசை இது. பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ். அடுத்து பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப். பிறகு 12 வோல்ட்டில் நிறுத்திய பக்-பூஸ்ட் மாட்யூல், பேட்டரி வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் கொடுப்பது. எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது 13.7 வோல்ட் ரௌட்டருக்குப் போகும். இரண்டு பெட்டியின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்று இருக்கிறதா, ஜாக்கின் நடுமுனை பிளஸ்தானா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். சார்ஜுக்குத் தனியாக 13.7 வோல்ட் சார்ஜர், 2 ஆம்பியருக்கு மேல் போகாதது.

ஓடுகிற யுபிஎஸ்ஸின் பேட்டரி முனையிலிருந்து ஒயர் இழுக்கவே வேண்டாம். சில சின்ன யுபிஎஸ்களில் அந்த முனைக்கும் மெயின்ஸுக்கும் தடுப்பே இருக்காது, ஷாக் அடிக்கும்.

12 வோல்ட்டை 7 ஏஎச்சால் பெருக்கினால் மொத்தம் 84 வாட் ஹவர். அதில் பாதிதான் கணக்கு, பழசு வேறு. இரண்டு பெட்டியும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். டிசம்பர் மழையை நினைத்துத் தரையில் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய பரணிலும் வேண்டாம், சூடு பேட்டரியைத் தின்றுவிடும்.

எலக்ட்ரீஷியன்கள் இதை ஒட்டுவேலை என்பார்கள். ஃப்யூஸ் இல்லாமல் செய்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பத்து ரூபாய் ஃப்யூஸுக்கு மூன்று கொட்டேஷன் கேட்கும் அக்கவுண்ட்ஸ், இது ஓட ஆரம்பித்ததும் அடுத்த வருஷ யுபிஎஸ் தொகையை வெட்டிவிடும். அதனால் பெட்டி மேல் “தற்காலிகம்” என்றும், மாட்டிய தேதியும், பார்த்துக்கொள்பவர் பெயரும் மார்க்கரில் எழுதி, போட்டோ எடுத்து மேலாளருக்கு மெயில் அனுப்புங்கள்.